ஆறாம் நம்பரில் புள்ளி பறக்கிறது

2024 மே 30 அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவன் போக்குவரத்துக் கெடுபிடியில் மாட்டிக்கொண்டேன். கடை டிவியில் கன்னியாகுமரி ஓடிக்கொண்டிருந்தது. பகவதி அம்மன் கோயில், வேட்டி கட்டிய பிரதமர், படகு, விவேகானந்தர் பாறை. மறுநாள் முழுக்க அதே பாறை, காவி உடை, மூடிய கண்கள். மொத்தம் 45 மணி நேரத் தியானம் என்றார்கள்.

டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: “நம்ம ஓட்டுப் போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இது யாருக்குக் காட்டுதாங்க?”

சரியான கேள்வி. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டன. எங்கள் ஓட்டு இயந்திரத்துக்குள் போய் 41 நாள் ஆகியிருந்தது. ஆனால் ஜூன் 1 அன்று வாரணாசி உட்பட 57 தொகுதிகளில் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு பாக்கி இருந்தது. அங்கே பிரசாரம் மே 30 மாலையோடு முடிந்தது. அதற்கு அப்புறம் வாக்குப்பதிவு முடியும்வரை 48 மணி நேர அமைதிக் காலம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 126. தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கம் கொண்ட எதையும் அந்த நேரத்தில் அந்த வாக்குப்பதிவுப் பகுதியில் தொலைக்காட்சி வழியே காட்டக் கூடாது. மீறினால் இரண்டு வருடம்வரை சிறை.

பேசினால் பிரசாரம். வாயே திறக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால்? காங்கிரஸ் தேர்தல் ஆணையத்தில் முறையிட்டது. படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. சட்டம் கேட்டதும் மௌனம், திரையில் தெரிந்ததும் மௌனம். இதைவிடக் கச்சிதமாக ஒரு சட்டத்தைக் கடைப்பிடித்து யாரும் பார்த்திருக்க முடியாது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. 2019இலும் கடைசிக் கட்டத்துக்கு முந்தைய நாள், மே 18 அன்று, கேதார்நாத் குகையிலிருந்து இதே மாதிரிப் படங்கள் வந்தன.

கடைக்காரர் கேட்டதற்கு அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் என் மாமா ஞாபகம்தான் வந்தது.

மாமா கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கேபிள் டிவி நடத்தினார். தொண்ணூறுகளின் நடுவில் மொட்டை மாடியில் பெரிய டிஷ் இரண்டு, மாடிப்படிக்குக் கீழே ‘கண்ட்ரோல் ரூம்’ என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு பொந்து, ஊருக்குள் நூற்றி நாற்பது கனெக்‌ஷன். பள்ளிக்கூட லீவில் நான்தான் அவருக்கு எடுபிடி. வேப்பமரத்துக் கிளையில் ஏறி கேபிளைக் கட்டுவது, மழை பெய்தால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பாலித்தீன் பை மாட்டுவது, மாதம் பிறந்தால் வீடு வீடாக வசூல்.

அந்தத் தொழிலில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைக்கு எங்கள் ஊரில் பாதி வீட்டில் டயனோரா, சாலிடேர் என்று திருகு வைத்த பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். திருகினால் ‘டிக் டிக்’ என்று பன்னிரண்டாம் எண்வரை போகும், அவ்வளவுதான். எத்தனை சேனல் டிஷ்ஷில் இறங்கினாலும் அந்தப் பெட்டியில் தெரிவது அந்தப் பன்னிரண்டுக்குள் போட்டவை மட்டும். அதற்கு மேலே போட்டால் கலர் டிவி வைத்திருந்த டாக்டர் வீட்டிலும் மில்காரர் வீட்டிலும்தான் தெரியும். தொழிலில் இந்தக் கீழ் வரிசைக்கு ‘பிரைம் பேண்ட்’ என்று பெயர். பிற்பாடு அந்த இடத்துக்காகவே சேனல்கள் பெரிய கேபிள் நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தன. ‘கேரியேஜ் ஃபீ’ என்பார்கள். மாமாவுக்கு அந்தக் காசு வந்ததில்லை. அவருக்கு வந்தது ஆட்கள்.

ஒரு நாடாளுமன்றத் தேர்தல் சமயம். வருடத்தைச் சொன்னால் கட்சியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் இரண்டு பேரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். மிரட்டல் எதுவும் இல்லை. “ஆறாம் நம்பர்ல ஓடுதுல்லா, அதக் கொஞ்சம் மேல தூக்கிப் போடேன். தேர்தல் முடியட்டும்” என்றார். போகும்போது கரண்ட் கம்பத்தில் கேபிள் கட்டியிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

மாமா சேனலை மேலே தூக்கவில்லை, எடுக்கவும் இல்லை. பொந்துக்குள் போய், சேனலைக் கேபிளில் ஏற்றும் மாடுலேட்டரில் ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினார். திருகுப் பெட்டி வீடுகளில் ஆறாம் நம்பரில் புள்ளி பறக்க ஆரம்பித்தது. ஆள் தெரியும், முகம் தெரியாது. பேச்சு கேட்கும், கூடவே இரைச்சலும் கேட்கும். புகார் சொல்ல வந்தவர்களிடம், “மேகம்லா போட்டிருக்கு” என்றார். அது கத்திரி வெயில்.

“ஏன் மாமா, ஒரேயடியா எடுத்திருக்கலாமே?” என்று கேட்டேன். “ஏலே மருமகனே, எடுத்துட்டா எடுத்துட்டான்னு எல்லாருக்கும் தெரியும். புள்ளி பறந்தா அவன் டிவியத்தான் திட்டுவான்” என்றார். தேர்தல் முடிந்த மறுநாள் திருகைப் பழையபடி வைத்துவிட்டார்.

ஊடக நியாயம், ஒளிபரப்பு ஒழுங்குமுறை என்று யார் பேசினாலும் எனக்கு அந்த அரைச் சுற்றுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதை எந்தச் சட்டப் பிரிவும் பிடிக்காது. அப்போதும் பிடிக்கவில்லை.

எதைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். தேர்தல் சமயத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு ஆல் இந்தியா ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் இலவசமாகப் பேச நேரம் உண்டு. 1977இல் வானொலியில் தொடங்கிய பழக்கம், 1998இல் முறையான திட்டமானது, 2003இல் சட்டத்திலேயே இடம் பிடித்தது. எல்லோருக்கும் ஒரு அடிப்படை நேரம், போன தேர்தலில் வாங்கிய ஓட்டுக்கு ஏற்பக் கூடுதல் நிமிடம். யார் எந்த நாளில் பேசுவது என்பதற்குக் குலுக்கல். ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த நியாயம். நான் இதைக் கிண்டல் செய்யவில்லை. காசில்லாத கட்சிக்கு நாடு முழுவதும் கேட்கும் ஒரு மைக் கிடைப்பது லேசான விஷயம் அல்ல.

ஆனால் பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து ஒருவர் படிப்பார். எந்த மனிதரையும் பெயர் சொல்லி விமர்சிக்கக் கூடாது என்பதுகூட விதியில் இருக்கிறது. தேர்தல் பேச்சில் யார் பெயரும் வராமல் எப்படித் திட்டுவது என்பதைச் சங்ககால அகப்பாடல் எழுதுபவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரியும் ஃபார்வர்டு பிளாக்கின் தேவராஜனும் இப்படி உரை கொடுத்தார்கள். யெச்சூரியின் உரையில் ‘வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி’, ‘கொடுங்கோல் சட்டங்கள்’ என்ற பொருளில் வந்த சொற்களை நீக்கச் சொன்னார்கள். ஆட்சி ‘திவால்’ என்றிருந்ததை ‘தோல்வி’ என்று மாற்றச் சொன்னார்கள். ‘முஸ்லிம்கள்’ என்ற சொல் தேவராஜன் உரையில் வெட்டுப்பட்டது. தேர்தல் ஆணைய வழிகாட்டுதலைத்தான் பின்பற்றினோம் என்பது, வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தரப்பின் பதில். இருக்கலாம். அதே வாரங்களில் மேடையில் பேசியவர்களும் அதை நேரலையில் காட்டிய சேனல்களும் இந்தப் பேனாவுக்குள் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு கட்சியின் கோளாறு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் இருந்தபோது, தூர்தர்ஷன் எடுத்த நரேந்திர மோடியின் பேட்டி சில பகுதிகள் வெட்டப்பட்டு ஒளிபரப்பானது. அப்போது பிரசார் பாரதியின் தலைமை அதிகாரியாக இருந்த ஜவஹர் சர்க்கார், அமைச்சகத்துக்கும் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இன்னும் உருவாகவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே எழுதினார். அந்த இடைவெளிக்காகத்தான் 1990இல் பிரசார் பாரதி சட்டம் போட்டார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1997 ஆனது. அதற்கு முன் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கு வந்ததே கிரிக்கெட் மேட்ச்சை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில்தான். நம் நாட்டில் பேச்சுரிமைகூட கிரிக்கெட்டின் தோளில் ஏறித்தான் வருகிறது.

தமிழ்நாட்டு ஆட்கள் இந்தக் கட்டுப்பாடுகளைச் சுற்றிப் போவதில் எப்போதும் கெட்டிக்காரர்கள். நெருக்கடி நிலையில் தணிக்கை இருந்தபோது, மிசாவில் கைதான திமுகவினர் பெயர்களைப் பத்திரிகையில் போட முடியாது. 1976 பிப்ரவரியில் அண்ணா நினைவு நாளையொட்டி, நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் பட்டியல் என்று முரசொலி பக்கம் நிறையப் பெயர்களைப் போட்டது. ஏன் வர இயலவில்லை என்று எழுதவில்லை. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1984 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல் வந்தபோது எம்ஜிஆர் நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் சந்தேகம். மருத்துவமனையில் எடுத்த வீடியோவைத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். வானொலியும் தூர்தர்ஷனும் டெல்லியின் கையில் இருந்த காலத்தில், அந்த கேசட்டுக்கு நிமிடக் கணக்கும் இல்லை, பேனாவும் இல்லை. ஆண்டிபட்டி வராமலே அவர் ஆண்டிபட்டியில் ஜெயித்தார்.

அடுத்த கட்டத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கேபிளுக்குள் போனது. 1993இல் சன் டிவி வந்தது. 1996 தேர்தலில் ரஜினிகாந்தின் குரல் அதன் வழியே வீடுகளுக்குள் வந்தபோது, எங்கள் ஊரில் கனெக்‌ஷன் இருந்த வீடுகளின் ஜன்னலில் எல்லாம் தலைகள். மாமாவுக்கு அந்த மாதம் மட்டும் இருபது புது கனெக்‌ஷன். திமுக, தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணி 39 நாடாளுமன்றத் தொகுதிகளையும் அள்ளியது. டிவியால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அன்றைய கோபம் டிவி இல்லாமலே ஜெயித்திருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரு பாடம் படித்துக்கொண்டது. அதன் பிறகு கட்சிக்கு ஒரு சேனல். அப்புறம் சேனல் போதாது, வயரே வேண்டும் என்று ஆனது.

2006 தொடக்கத்தில் ஜெயலலிதா அரசு சன் குழுமத்தின் பெரிய கேபிள் நிறுவனத்தைக் கையகப்படுத்தவே சட்டம் கொண்டுவந்தது, நடைமுறைக்கு வரவில்லை. 2007இல் கருணாநிதி குடும்பத்துக்கும் சன் குழும மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு வந்த கையோடு, திமுக அரசே அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கியது. தஞ்சை, கோவை, வேலூர், நெல்லையில் கட்டுப்பாட்டு அறைகள் வந்தன. 2008 டிசம்பரில் குடும்பம் ராசியானது, அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011இல் ஜெயலலிதா வந்து அதைத் தூசி தட்டி எடுத்து, மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். தொடங்கிய நேரத்தில் சன் குழும சேனல்கள் அதில் இல்லை. என் மாமாவும் அதில்தான் இணைந்தார். “எழுபது ரூவான்னா ஜனங்க ஏன் வேண்டாங்கும்?” என்றார். அவர் சொன்னது சரி.

அரசும் கட்சிகளும் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இல் பரிந்துரைத்தது. 2012இல் மறுபடியும் பரிந்துரைத்தது. டெல்லியில் எந்த ஆட்சி இருந்தாலும் அதைச் சட்டமாக்க யாருக்கும் அவசரம் வரவில்லை. ஏன் வரும்? எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கும் மருந்து, ஆளுங்கட்சியானதும் சர்க்கரை ஆகிவிடுகிறது.

2019இல் இதன் தேசிய வடிவத்தைப் பார்த்தோம். மார்ச் 31 அன்று டிடிஎச் பெட்டிகளில் நமோ டிவி என்று ஒன்று திடீரென முளைத்தது. முழுக்க மோடியின் உரைகளும் பாஜக நிகழ்ச்சிகளும். சேனல் என்றால் உரிமம் எங்கே என்று கேட்டார்கள். அது சேனல் அல்ல, விளம்பரத் தளம், உரிமம் தேவையில்லை என்றது அமைச்சகம். சரி, விளம்பரம் என்றால் முன் அனுமதி எங்கே? 2004இல் உச்ச நீதிமன்றம், தொலைக்காட்சியில் அரசியல் விளம்பரம் போடலாம், ஆனால் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. பதிவுசெய்த நிகழ்ச்சிகளுக்குச் சான்று வாங்கு, 48 மணி நேரத்தில் அவற்றைக் காட்டாதே என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. தேர்தல் ஏழு கட்டம். சேனலோ நாடு முழுக்க ஒன்றே ஒன்று. நேரலைக் கூட்டத்துக்குத் தடையும் இல்லை. ஒரு மாநிலத்தில் அமைதிக் காலம் நடக்கும்போது பக்கத்து மாநில மேடை அதே வீட்டு வரவேற்பறையில் முழங்கிக்கொண்டிருந்தது. பிரசாரம் ஓய்ந்ததும் நமோ டிவி வந்த மாதிரியே காணாமல் போனது. என் மாமா மறுநாளே திருகைப் பழையபடி வைத்ததுதான் ஞாபகம் வந்தது.

பிரிவு 126இல் தொலைக்காட்சியைச் சேர்த்தது 1996இல். அச்சுப் பத்திரிகை அதில் இல்லை. வாக்குப்பதிவு நாள் காலையில் முதல் பக்கம் முழுக்கத் தலைவரின் படத்தோடு பேப்பர் வாசலில் வந்து விழும். அதற்குச் சான்று வாங்கினால் போதும். ஆறு வாரம் நீளும் தேர்தலுக்கு, தொகுதி தொகுதியாக 48 மணி நேரம் பூட்டுப் போடுவது, கூரை இல்லாத வீட்டுக்குக் கதவைத் தாழிடுகிற வேலை.

கருத்துக்கணிப்பு விஷயத்தில் மட்டும் சட்டம் ஓரளவு வேலை செய்கிறது. கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம்வரை வாக்குச்சாவடிக் கணிப்புகளை வெளியிட முடியாது. வெளியிட்ட பிறகு அவை என்ன பாடு படுகின்றன என்பது வேறு கதை. கணிப்புகள் பாஜகவுக்குப் பெரிய வெற்றி என்றதில், 2024 ஜூன் 3 அன்று பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறி, மறுநாள் வாக்கு எண்ணும்போது 4,390 புள்ளி விழுந்தது. பாஜகவுக்கு 240 இடங்கள்தான்.

இங்கே என் நண்பர் ஒருவர் வழக்கமாகக் குறுக்கே வருவார். “எல்லாம் சரி, 1977இல் அத்தனை வானொலியும் இந்திரா கையில்தான் இருந்தது, தோற்றார். 2004இல் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று அரசுக் காசில் விளம்பரம் கொட்டினார்கள், தோற்றார்கள். 1996இல் ஜெயலலிதா ஆட்சியில் இருந்தும் தோற்றார். அப்புறம் எதற்கு இந்தப் புலம்பல்?”

நானும் நிறைய நாள் இப்படித்தான் நினைத்தேன். யோசித்தால், 1977இல் வட இந்தியக் கிராமத்தில் கட்டாயக் கருத்தடையைப் பற்றித் தெரிந்துகொள்ள யாருக்கும் ரேடியோ தேவைப்படவில்லை. அது அவர்கள் உடம்பிலேயே நடந்தது. விலைவாசிக்கும் டிவி வேண்டாம், கடைக்குப் போனால் போதும். சட்டமன்றத் தேர்தலில் பெரும்பாலும் இந்தக் கண்கண்ட கணக்கு கைகொடுக்கிறது. ரோடு இருக்கிறதா, பஸ் வருகிறதா, ரேஷனில் அரிசி புழுத்திருக்கிறதா, எல்லாம் நமக்கே தெரியும்.

நாடாளுமன்றத் தேர்தலில் கேட்கப்படுவது வேறு. எல்லையில் என்ன நடந்தது? மணிப்பூரில் என்ன நடக்கிறது? ஒரு மசோதாவின் ஏழாம் பிரிவு என்ன சொல்கிறது? ஐநூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள் உட்காரும் சபையில் எது விவாதமே இல்லாமல் நிறைவேறியது? இதில் எதையும் கோவில்பட்டியிலிருந்து நடந்து போய்ப் பார்த்துவர முடியாது. திரையில் வந்தால் உண்டு, வராவிட்டால் அது நடக்கவே இல்லை. அங்கேதான் அரைச் சுற்று திருகு வேலை செய்கிறது. பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை, கொஞ்சம் புள்ளி பறந்தால் போதும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானமாக இருப்பவர் மாற மாட்டார். ஆனால் எதைப் பற்றித் தீர்மானிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தாங்கள் எதைப் பார்க்கவில்லை என்பதும் தெரியாது, திட்டினால் டிவியைத்தான் திட்டுவார்கள்.

அதனால் இன்னும் கடுமையாக அரசு கண்காணிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேனா யார் கையில் போகும் என்று பார்த்தாகிவிட்டது. வார்த்தையை விட்டுவிடுங்கள், வயரையும் பணத்தையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். டிராய் இரண்டு முறை சொன்னதைச் சட்டமாக்கலாம். எந்தச் சேனலுக்கு எவ்வளவு அரசு விளம்பரம் போனது என்பதை மாதாமாதம் வெளியிடலாம். 2015இல் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் கூடாது என்றபோது, மறுஆய்வு கேட்டுப் போன மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மறு வருடமே முதல்வர், அமைச்சர் படங்களுக்கும் வழி கிடைத்தது. படத்துக்காக அவ்வளவு தூரம் போனவர்கள் கணக்கைக் காட்டச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கனெக்‌ஷன் நாற்பதாகச் சுருங்கிவிட்டது. மகன்தான் பார்த்துக்கொள்கிறான், ஃபைபர் இன்டர்நெட்டும் சேர்த்துக் கொடுக்கிறான். போன மாதம் போனபோது மாமா திண்ணையில் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஏதோ அரசியல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று தானாக வந்தது. எல்லாம் ஒரே கட்சி.

“வேற எதுவும் வராதா மாமா?” என்று கேட்டேன்.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல திருகு எங்கலே இருக்கு?” என்றார்.